வாய் திறக்காதவை

உத்தரவு வந்துவிட்டது என்று ரேஞ்சர் ஜெயசீலன் வந்து சொன்னபோது, கால்நடை டாக்டர் திருமலைச்சாமி யானையின் தலைமாட்டில் குந்தியிருந்து வேப்பங்கொத்தால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். "சென்னையில கையெழுத்தாயிட்டு சார். இனி எப்பன்னு நீங்க சொன்னாச் சரி" என்று போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார் ஜெயசீலன். கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியவில்லை, கண்ணாடி ஜீப்பில் கிடந்தது, எழுந்துபோய் எடுத்துவர வேண்டும், அதற்கு முழங்காலை நிமிர்த்த வேண்டும். தெரிந்துகொள்ள அதில் எதுவும் இல்லை என்றும் தோன்றியது. இந்த யானை இனி எழாது, வலியில் கிடக்க விடுவதைவிட ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று எழுதி அனுப்பியதே அவர்தான். அவர் எழுதியது ஊரெல்லாம் சுற்றி, பெரிய பெரிய மேஜைகளில் உட்கார்ந்து எழுந்து, உத்தரவாகி அவரிடமே திரும்பி வந்திருக்கிறது. "கொஞ்சம் பொறுங்க சீலன்" என்றார். ஜெயசீலன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நேற்று முழுக்க உத்தரவு ஏன் வரவில்லை என்று போனில் எரிந்து விழுந்தவர் அவர். இப்போது வந்ததும், இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருக்கக் கூடாதா என்று இருந்தது. மனசு இப்படித்தான் மாடு மாதிரி, இழுத்தால் பின்னுக்குப் போகும், விட்டால் முன்னால் வரும். இல்லை, மாடு அப்படியில்லை, மாடு எவ்வளவோ தேவலை. களைப்பில் உவமைகூடச் சரியாக வர மாட்டேன் என்கிறது.

பெண் யானை, இளசு. காட்டுப்பன்றிக்கென்று யாரோ பழத்துக்குள் வைத்த வெடியைக் கடித்திருந்தது. அவுட்டுக்காய் என்பார்கள் இந்தப் பக்கம், பெயரைக் கேட்டால் சமையலுக்கு ஆகிற காய் மாதிரி இருக்கும். கீழ்த்தாடை ஒரு பக்கம் இல்லை. நாக்கு பாதி. பல நாள் தின்னாமல் குடிக்காமல் காட்டுக்குள் சுற்றிவிட்டு, கடைசியில் தண்ணீர் வாசம் பிடித்து இந்த ஓடைக்கு வந்து, துதிக்கையில் தண்ணீரை உறிஞ்சி வாய்வரை கொண்டுபோய், வாய்க்குள் ஊற்ற முடியாமல் முதுகின் மேல் ஊற்றிக்கொண்டு நின்றதாம். வாட்சர் மருதன்தான் முதலில் பார்த்தவன். "தாகத்துல குளிச்சுதுங்க சாரு" என்று அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியம் அன்றிலிருந்து திருமலைச்சாமியின் காதில் ஒரு பூச்சி மாதிரி இருக்கிறது. படுத்தால் இரைகிறது. தாகத்தில் குளித்தது. அவர் வந்து சேர்ந்தபோது நின்றுகொண்டிருந்தது, மறுநாள் மண்டியிட்டது, அதற்கு மறுநாள் பக்கவாட்டில் சாய்ந்தது. சாய்ந்த யானைக்கு அதன் உடம்பே எதிரி. அடியில் போன நுரையீரல்மேல் மிச்ச யானை முழுக்க ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கிரேன் வைத்து இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார்கள். காதின் பின் நரம்பில் குளுக்கோஸ் ஏறுகிறது, மூங்கில் கழியில் பாட்டில்கள் கொத்தாகத் தொங்குகின்றன, உடம்பெல்லாம் நனைத்த கோணிப்பை. இத்தனையும் அதற்கு ஒரு மிடறு. காது நரம்பில் விரல் வைத்துப் பார்த்தார். ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வருமா என்று காத்திருந்தார். வந்தது, ஆனால் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து நடந்துவந்து கதவைத் திறப்பவர்கள் மாதிரி, தாமதமாக, யாரென்று பார்த்துவிட்டுத் திறப்பது மாதிரி வந்தது.

நேற்றுக் காலை உள்ளங்கையில் இருந்ததற்கு இந்தத் தாமதம் கிடையாது. அதைத் துடிப்பு என்றே சொல்ல முடியாது, மேஜைமேல் கிடக்கும் போன் சத்தமில்லாமல் அதிருமே, அப்படி ஓர் அதிர்வு, அவ்வளவுதான். வீட்டு முன்வாசலில் கேபிள் ஒயரில் தேன்சிட்டு கட்டியிருந்த கூடு, முந்தாநாள் அடித்த காற்றில் அறுந்து விழுந்துவிட்டது. இரண்டு குஞ்சில் ஒன்று அப்போதே போய்விட்டது. மற்றதை மனைவி பூரணம் எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி, அவருடைய பழைய கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் படுக்கப்போட்டிருந்தாள். அவர் காட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் ஷூ போட்ட கையோடு அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். "இது நிக்காது பூரணம்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முட்டை மஞ்சள்கருவை அவித்து, ஊசிமுனையளவு, பல் குத்தும் குச்சியில் தொட்டு வாயில் வை, சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு, மூக்குக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள் என்று ஏதோ பிழைக்கிற நோயாளிக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வந்தார். வழியெல்லாம் அந்த எடை கையில் இருந்தது. எடையா அது, எடை இல்லாதது. கையில் ஏதோ இருக்கிறது என்று கண் சொல்லித்தான் கைக்குத் தெரிந்தது. இந்த யானைக்கு ஒரு வேளைக்கு ஏற்றும் மருந்தைப் பகிர்ந்தால் இந்த ஜில்லாவின் தேன்சிட்டுகளுக்கெல்லாம் ஆயுசுக்கும் காணும். யானைக்கு மருந்து குறைந்தால் தப்பு, சிட்டுக்கு ஒரு சொட்டு கூடினால் செத்துப்போகும். கல்லூரியில் ஒரு வாத்தியார் சொல்வார், பெரிய உயிரோ சின்ன உயிரோ, எல்லா இதயத்துக்கும் மொத்தத் துடிப்பு ஏறக்குறைய ஒன்றுதான், யானை அதை மெதுவாகச் செலவு பண்ணுகிறது, சின்னது அவசரமாகச் செலவு பண்ணுகிறது என்று. உண்மையோ என்னவோ. அவர் சரிபார்க்கவே இல்லை. சரிபார்க்க வேண்டாம் என்று விட்டுவைத்த சில விஷயங்களில் அதுவும் ஒன்று. உண்மையென்றால், இது இப்படி நாள்கணக்காகக் கிடப்பதும் அது ஒரு ராத்திரி கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்ததும் ஒரே நீளமா? வலிக்கும் அதே கணக்கா? சின்னதற்கு வலி சின்னதாக இருக்கும் என்று நினைப்பது பெரிய உடம்புக்காரர்களின் சௌகரியமாகக்கூட இருக்கலாம்.

இன்று காலையில் பூரணம் போனில் கூப்பிட்டாள். "ஏனுங்க, குஞ்சு வாயே தொறக்க மாட்டீங்குதுங்க. நேத்து சாயங்காலம் ரெண்டு தடவ தொறந்துச்சு. இப்ப குச்சியைக் கொண்டுபோனா மூஞ்சியத் திருப்பிக்குது. தாய்ச்சிட்டு வந்து ஜன்னல் கம்பியில உக்காந்து கத்திக்கிட்டே கெடக்குது." அந்தச் சத்தம் போனில் அவருக்கும் கேட்டது. அவ்வளவு சின்ன தொண்டைக்குள்ளிருந்து அவ்வளவு கூர்மையாக. இங்கே கூட்டத்து யானைகள் மூன்றாம் நாள் வரைக்கும் மேட்டில் நின்றிருந்தன. அவை கத்தவில்லை, அல்லது கத்தியது மனிதக் காதுக்கு எட்டாத அடித்தொனியில் இருந்திருக்கும், மண்ணில் கால் வைத்திருந்தவருக்குப் பாதம் லேசாகக் கூசியது, அதுதானா அது? பிறகு ஒரு விடியலில் மேடு காலியாக இருந்தது. அவற்றைக் குற்றம் சொல்ல முடியாது, அவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். "அலகோரத்துல லேசா ஒரு விரலால தட்டு பூரணம், தாய் வந்து உக்காந்தா அப்பிடித்தான் அதிரும், தானாத் தொறக்கும்" என்றார். பக்கத்தில் மருதன் தர்பூசணிக் கீற்றை யானையின் வாயோரத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். யானை முகத்தைத் திருப்பவில்லை, திருப்ப முடியாது. கண்ணை மட்டும் மூடிக்கொண்டது. ஒரே காலையில், ஒரே ஆளிடம், இரண்டு வாய்கள் திறக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தன. அவருக்கு ஒரு கணம் எது எந்த வாய் என்று குழம்பியது. இந்தக் குழப்பம்தான் பயமாக இருந்தது. கொஞ்ச காலமாகவே இருக்கிறது இந்தப் பயம். ஓய்வு பெற இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, அதற்குள் எல்லா மிருகமும் ஒன்றாகிவிடுமோ, கண்ணைப் பார்த்தால் முன்னே பார்த்த கண்களெல்லாம் வரிசையாக வந்து நின்று இதை மறைத்துவிடுமோ என்று. முதுமலையில் அவர் கையில் செத்த முதல் யானைக்காக அவருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. போன மாதம் ஒரு மக்னாவுக்கு, தந்தமில்லாத ஆண் யானை அது, பிரேதப் பரிசோதனை முடித்துவிட்டு, கை கழுவி, பொட்டலத்தைப் பிரித்து, தக்காளிச் சாதத்தில் உப்பு குறைவு என்று நினைத்தார். உப்பு குறைவு. அந்த நினைப்பை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மருந்துப் பெட்டியைத் திறந்தார். முதலில் மயக்கத்துக்கு ஒன்று, அது ஆழ்ந்தபின் மற்றது. எடுத்து வைத்துவிட்டு, கை தானாகப் போனை எடுத்தது. வீட்டைக் கூப்பிடும் உத்தேசம் இருந்ததா என்றால் இல்லை. வெயில் உச்சிக்கு வந்திருந்தது, ஓடையில் மிச்சமிருந்த தண்ணீர் தகரம் மாதிரி மின்னியது. அந்தப் பக்கம் எடுக்க நேரமாயிற்று. "சொல்லுங்க" என்றாள் பூரணம். "எப்பிடி இருக்குது?" என்றார். எது என்று அவள் கேட்கவில்லை. அவள் பேசாமல் இருந்த அந்த இடைவெளியை, பாத்திரம் ஏதோ இறக்கி வைக்கிறாள் என்று நினைத்தார். "தின்னுருச்சுங்க" என்றாள். "நீங்க சொன்னாப்பல தட்டுனேன். ஆன்னு தொறந்துச்சு. மூணு வாய் வாங்கிருச்சு." "மூணு வாயா?" "ஆமாங்க. நீங்க சாப்புட்டீங்களா?" "சாப்புடறேன்" என்று வைத்துவிட்டார். மூன்று வாய். வாய்க்குள் இருக்கும் அந்த ஆரஞ்சு நிறம் கண்ணுக்குள் வந்தது. உடம்பைவிட வாய் பெரியதாக, உடம்பே வாயைச் சுமக்கத்தான் இருக்கிறது என்பதுபோல, முழு உயிரையும் விரித்துக் கேட்கிற ஒரு திறப்பு. அவருக்குள் எங்கோ ஒன்று, வெகுநாள் பூட்டிக்கிடந்த அறையில் ஜன்னலைத் தள்ளியதுபோல, இளகிக் கொடுத்தது. நிற்காது என்றுதானே நினைத்தோம். நின்றுவிட்டதே. முப்பத்தைந்து வருஷம் மிருகங்களைப் பார்த்த கண் சொன்னது தப்பாயிற்றே. சிட்டு விஷயத்தில் தப்பென்றால்... அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்காமலே எழுந்து நின்றார், முழங்கால் வலித்தது, வலித்தால் என்ன.

"சீலன், கிரேனைக் கூப்பிடுங்க. இன்னொரு தடவ தூக்கிப் பாத்துடலாம்."

ஜெயசீலன் அவரையே பார்த்தார். "உத்தரவு வந்தாச்சே சார். நீங்கதானே இனி எந்திரிக்காதுன்னு..."

"நாந்தான் சொன்னேன். இப்பவும் நாந்தான் சொல்றேன். நின்னுருச்சுன்னா, கும்கி யானைக ரெண்டு பக்கமும் அணைச்சா, முகாமுக்குக் கொண்டுபோயிடலாம். தாடையில்லாத மாடு பொழைச்சிருக்குது. நான் பாத்திருக்கறேன்."

பார்த்திருக்கிறாரா? ஒரு மாடு, நாய் கடித்துத் தாடை உடைந்தது, எங்கோ, உடுமலைப்பேட்டையோ தாராபுரமோ. கஞ்சி ஊற்றி ஊற்றிப் பிழைக்க வைத்தார்கள். அது மாடு. இருந்தாலும் பிழைத்தது. கிரேன் ஓடைக்கரையில் முனகிக்கொண்டு வந்து நிற்கும்வரை அந்த மாட்டையே நினைத்துக்கொண்டிருந்தார், வேறொன்றை நினைத்துவிடக் கூடாது என்று பிடித்துக்கொண்டிருந்தார். யானையின் அடியில் மண்ணைக் கிளறிப் பட்டைகளைச் செருகினார்கள். மருதன் அதன் நெற்றியில் கை வைத்து, "எந்திரி தாயி, இந்த ஒருக்கா எந்திரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கிரேன் இழுத்தது. பட்டை இறுகியது. அந்தப் பெரிய உடம்பு மண்ணைவிட்டு மேலே வந்தது, அடியில் இருந்த பக்கம் தோல் உரிந்து, ஈரமாக, மண் ஒட்டி. முன்கால்கள் தொட்டன. ஊன்றின. ஊன்றியே விட்டன, அவர் பார்த்தார், பாதம் பரந்து எடையை வாங்கியது. "விடாதீங்க, விடாதீங்க" என்று கத்தினார், யாரிடம் என்று தெரியாமல். யானை நின்றது. துதிக்கையை மெல்லத் தூக்கி, அருகில் இருந்த எதையோ தேடுவதுபோல வீசி, அவர் தோளைத் தொட்டு, நுனியால் சட்டைக் காலரைப் பிடித்தது. சுவரைப் பிடித்துக்கொள்வதுபோலத்தான் பிடித்தது, அதற்கு வேறு அர்த்தம் இல்லை, அவர் பக்கத்தில் நின்ற ஒரு பொருள், அவ்வளவுதான். ஆனால் பிடித்தது. பிறகு பின்கால்கள் நழுவின. பட்டை ஒரு பக்கம் வழுக்கியது. யானை முன்பக்கமாகச் சரிந்து, உடைந்த தாடை மண்ணில் மோதி விழுந்தது. அப்போதுதான், இத்தனை நாளில் முதல்முறையாக, அது வாயைத் திறந்தது. அந்தச் சத்தத்தைப் பிளிறல் என்று எழுத முடியாது. மருதன் காதைப் பொத்திக்கொண்டு ஓடைக்குள் இறங்கிவிட்டான்.

அதற்கப்புறம் ஊசியும் உடனே போட முடியவில்லை. விழுந்த வேகத்தில் குளுக்கோஸ் ஏற்றிய காது அடியில் மாட்டிக்கொண்டது, மேலே இருந்த காதில் நரம்பு வற்றிப்போய்க் கிடைக்கவே இல்லை. குத்திக் குத்தி எடுத்தார்.  கையை மண்ணில் ஊன்றிக்கொண்டு, மூச்சை ஆற்றிக்கொண்டு, மறுபடி குத்தினார். பின்காலில் பார்த்தார். வெயில் மெல்ல மேற்கே இறங்கியது, நிழல்கள் ஓடையைக் கடந்தன, யானை கால்களை அவ்வப்போது நீந்துவதுபோல அடித்தது. மத்தியானமே முடிந்திருக்க வேண்டியது. உத்தரவு வந்தபோதே, அது கண்ணை மூடிக் கிடந்தபோதே, கைக்கெட்டும் இடத்தில் நரம்பு துடித்துக்கொண்டிருந்தபோதே. ஆசைப்பட்டது யார்? அது ஆசைப்படவில்லை. அது விட்டுவிட்டிருந்தது. மூன்று வாய் தின்ற ஒரு குஞ்சுக்காக இதைத் தூக்கினோமே என்று வந்த நினைப்பை, சீ, அதற்கும் இதற்கும் என்ன என்று தள்ளினார், அது போய்விட்டு மறுபடி வந்து உட்கார்ந்தது, ஈ மாதிரி. குஞ்சுமேல் கோபம்கூட வந்தது. தின்ற குற்றத்துக்கு. அந்தக் கோபத்தைப் பார்த்து அவருக்கே வெட்கமாக இருந்தது. கடைசியில் தொடையின் உட்பக்கம் ஒரு நரம்பு கிடைத்தது. மயக்கம் ஏறியது. மூச்சு நீண்டது. மற்ற மருந்தைச் செலுத்தும்போது துதிக்கை நுனி விரல் மாதிரி ஒருமுறை மடங்கி, விரிந்தது. அதே நரம்பில் விரல் வைத்துக் காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்தார், அந்தக் கோடியிலிருந்து யாரும் வரவில்லை. "முடிஞ்சுதுங்களா?" என்றார் ஜெயசீலன். தலையாட்டினார்.

சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் போய், வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. ஆட்கள் கோணிப்பைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ரத்தமும் சேறுமாக இருந்த கையை விரித்தபடி ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் போன் அடித்தது, மருதன் எடுத்து அமுக்கி அவர் காதில் வைத்துப் பிடித்தான். "ஏனுங்க" என்றாள் பூரணம். அந்த ஒரு சொல்லிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் தெரிந்தது இன்னும் மனசுக்குள் வந்து உட்காரவில்லை. "உங்ககிட்டப் பொய் சொல்லிட்டனுங்க. மத்தியானத்துல இருந்து மனசு கேக்கல. நீங்க கூப்புட்டப்பவே அது போயிருந்துச்சு. அதுக்கு முன்னாடியே. உங்க கொரலைக் கேட்டனுங்க, அதுல ஒண்ணுமே இல்ல, காலியா இருந்துச்சு. ஒண்ணாவது வாயைத் தொறந்துச்சுன்னு உங்களுக்கு இருக்கட்டுமேன்னு சொல்லிட்டேன்." மருதன் போனை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தான். "கருவேப்பிலைச் செடிக்கிட்டக் கரண்டியில தோண்டி வெச்சுட்டேன். தாய்ச்சிட்டு இன்னும் ஜன்னல்லதான் இருக்குது. கேக்குதுங்களா?" கேட்டது. காலையில் கேட்ட அதே கூர்மை. கூடு இருந்த இடத்தைப் பார்த்து அது கத்துகிறதா, அவளைப் பார்த்தா என்று கேட்க நினைத்தார். மூன்று வாய் என்று சொன்னாளே, அந்த மூன்றை எங்கிருந்து எடுத்தாள், இரண்டு என்றால் நம்ப மாட்டார் என்றா, நாலு அதிகம் என்றா? தனியாக அடுப்படியில் நின்றுகொண்டு, செத்த குஞ்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவருக்காக எண்ணியிருக்கிறாள். அவளிடம் இப்போது இந்த மத்தியானத்தைச் சொல்லிவிடலாம். நீ சொன்னதைக் கேட்டுத்தான் தூக்கினேன் என்று. சொன்னால் அவள் அதைக் கீழே வைக்கவே மாட்டாள், அவளுக்குத் தெரியும் எப்படிச் சுமப்பது என்று, கடைசிவரை சுமப்பாள். யானையின் எடை அவளுக்கு எதற்கு?

"உங்க யானை எப்பிடிங்க?" என்றாள்.

"போயிருச்சு பூரணம்."

"எப்பங்க?"

"மத்தியானமே. உன்கிட்டப் பேசி வெச்சேனே, அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துல. ஊசி போட்டதே தெரியல அதுக்கு. கண்ணை மூடிட்டுத்தான் கெடந்துச்சு."

"சிரமப்படலையே?"

"இல்ல. சிரமப்படல."

"அது போதுங்க" என்றாள். பிறகு, "அது ஒண்ணாவது" என்றாள். நாளைக்குப் பேப்பரில் சாயங்காலம் என்றுதான் போட்டிருப்பார்கள், கிரேன் படமும் வரும். அவள் பார்ப்பாள். பேப்பர்காரன் எதைத்தான் சரியாகப் போட்டான் என்பாள், அல்லது ஒன்றும் சொல்லாமல் மடித்து அலமாரியில் வைப்பாள், எப்படியானாலும் கேட்க மாட்டாள். போன் அணைந்தது. மருதன் அதை அவர் சட்டைப் பையில் திரும்பப் போட்டான். பேசியதெல்லாம் அவனுக்கும் கேட்டிருக்கும். அவர் முகத்தை அவன் பார்க்கவில்லை. ஓடையில் மொண்டு வைத்திருந்த குடத்தைச் சரித்து, "கையை நீட்டுங்க சாரு" என்றான். தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. விரலிடுக்கெல்லாம் போகும்வரை ஊற்றிக்கொண்டே நின்றான்.